கையால் தொடாத நூறு கிழி

முன்னொரு காலத்தில், மூன்று வருஷமாக மழை எட்டிப் பார்க்காத ஒரு நாட்டை மகுடவர்மர் என்ற ராஜா ஆண்டுவந்தார். ஏரியில் தண்ணீர் இல்லை, களத்தில் நெல் இல்லை, ஆனாலும் ராஜாவுக்குப் பந்தாட்டம் மட்டும் நடந்தாக வேண்டும். தோல்பந்தைக் காலால் உதைத்து, எதிரியின் இரண்டு கம்பங்களுக்கு நடுவே தள்ளுகிற ஆட்டம் அது. கை படக் கூடாது. பதினோரு பேர் புழுதி பறக்க ஓடுவதைப் பார்த்தால்தான் அவருக்குச் சோறு இறங்கும். ஓடுகிறவர்களுக்குச் சோறு உண்டா என்று அவர் கேட்டதில்லை. ராஜாக்களுக்கு அதையெல்லாம் யாராவது எடுத்துச் சொல்ல வேண்டும்.

ஆட்டத்தை நடத்த ஒரு சபை இருந்தது. தலைவர் நரசிங்கராயர், ராணியின் அண்ணன். பிறந்ததிலிருந்து ஒரு பந்தை உதைத்தவரில்லை. முன்பெல்லாம் ஆட்டம் ஜெயித்தால் ஜனங்கள் சந்தோஷத்தில் மைதானத்துக்குள் காசு வீசுவார்கள். ஆட்டக்காரர்கள் அதைப் பொறுக்கி மடியில் கட்டிக்கொள்வார்கள். அது ராயரின் கண்ணை உறுத்தியது. புதிதாக ஒரு விதி எழுதி முத்திரை குத்தினார்: ‘ஆடுகளக் கோட்டுக்குள் விழுந்த எதையும் எவரும் கையால் தொடலாகாது. தொட்டவர் யாராயினும் சபையை விட்டு விலக்கப்படுவர்.’ அதற்குப் பிறகு காசையெல்லாம் சபையின் துடைப்பக்காரர்கள் கோட்டுக்கு வெளியே பெருக்கித் தள்ளினார்கள். அங்கே ராயரின் பெட்டி திறந்திருந்தது.

இப்படி நடந்த சபை எத்தனை நாள் தாங்கும்? பந்து கிழிந்தது, தைக்க ஆளில்லை. ஆட்டக்காரர்களுக்குப் படி நின்றது. சபை வைத்தியர் இரண்டு வருஷம் சம்பளத்துக்குக் காத்திருந்துவிட்டு, ஒரு நாள் மருந்துப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மாமனார் ஊருக்குப் போய்விட்டார்.

அவர் போன மறுவாரம்தான் கடம்பனுக்கு அடிபட்டது. கடம்பன் அரண்மனை விகடன் இடும்பனின் தம்பி, அணியில் அவனைவிட வேகமாக ஓடுகிறவன் கிடையாது. வலது முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்து வெளியே எட்டிப் பார்த்தது. இடும்பன் பதறிப்போய் வெளிவைத்தியரைக் கூட்டிவந்தான். கடம்பன் காலைக் காட்ட மறுத்துவிட்டான்.

"வேணாண்ணே. சபை வைத்தியர் தவிர யார் தொட்டாலும் பேரை அடிச்சிருவாங்க. விதி இருக்கு."

"சபை வைத்தியர்தான் ஓடிட்டாரேடா!"

"ராஜா பணம் குடுக்கப் போறாராம். வந்துருவாரு. கட்டிட்டு ரெண்டு மாசத்துல திரும்ப எறங்கிருவேன்."

இடும்பன் கெஞ்சினான், திட்டினான், அழக்கூடச் செய்தான். ஊரையே சிரிக்கவைக்கிறவனால் சொந்தத் தம்பியின் மனதை மாற்ற முடியவில்லை.

ராஜா பணம் கொடுப்பதைப் பற்றித்தான் சபா மண்டபத்தில் பேசிக்கொண்டிருந்தார்கள். ஒரு நாள் இரண்டு நாள் இல்லை, ஒரு மாதம் பேசினார்கள்.

"அரசே, நூறு பொற்கிழி அளித்தால் சபை பிழைக்கும்" என்றார் நரசிங்கராயர். "இல்லையேல் பங்குனித் திருவிழாவில் இவ்வாட்டம் ஆடும் ஐந்து நாட்டார் முன்னிலையில் நமது அணி நிற்காது. தேசத்தின் மானம் போகும்."

"கஜானாவில் மிஞ்சியிருப்பதே நூறு கிழிதான்" என்றார் மந்திரி. "கஞ்சித் தொட்டி திறக்க வைத்திருக்கிறோம். கொடுத்தே ஆகவேண்டுமென்றால், அரண்மனை ஆள் ஒருவர் சபையில் அமர்ந்து செலவைக் கவனிக்க வேண்டும்."

"கூடவே கூடாது! அரசு தலையிட்டால் அந்நாட்டை ஆட்டத்திலிருந்து தள்ளிவைப்பது ஐந்து நாட்டுப் பொதுவிதி. சபையில் சபையின் விதி மட்டுமே செல்லும்."

பணம் மட்டும் வேண்டும், பணத்தோடு வருகிற கண் வேண்டாம். ராஜாவுக்குத் தலை கிறுகிறுத்தது. ராயர் இதுதான் சமயமென்று மூலையில் நின்ற இடும்பனைப் பார்த்தார். விகடனுக்கு ராஜாவிடம் இருந்த செல்வாக்கு அவருக்கு வெகுநாளாக நெஞ்செரிச்சல்.

"அரசே, இடும்பனின் தம்பியே ஆட்டக்காரன். அவனே தீர்ப்புச் சொல்லட்டுமே."

கொடு என்றால் பசித்த ஊர் அவனைக் கல்லால் அடிக்கும். கொடுக்காதே என்றால் தம்பியின் கூட்டாளிகள் அடிப்பார்கள். ராயர் நன்றாகத்தான் கணக்குப் போட்டிருந்தார்.

ராஜாவுக்கு அந்த யோசனை பிடித்துவிட்டது. "இடும்பா, நான் சபைக்குக் கொடுத்தேன் என்று ஐந்து நாடும் சொல்ல வேண்டும். கொடுத்ததில் ஒரு காசும் வீணாகக் கூடாது. சபைக்குள் அரண்மனை தலையிடவும் கூடாது. மூன்று நாளில் வழி சொல். தவறினால் நீ இந்நாட்டில் இருக்க வேண்டாம்."

இடும்பன் வீட்டுக்கு வந்தபோது வாசலிலேயே நாற்றம் அடித்தது. கடம்பனின் கால் முழங்கால் வரை கறுத்திருந்தது. இந்தமுறை இடும்பன் அவனைக் கேட்கவில்லை. கட்டிலோடு தூக்கிக்கொண்டு போனான். வெளிவைத்தியர் துணியை விலக்கிப் பார்த்துவிட்டு, "பத்து நாள் முன்னாடி வந்திருந்தா எண்ணெய் போட்டே சரி பண்ணியிருப்பேன், தம்பி" என்றார். மறுநாள் விடிந்ததும் அவன் காலை எடுத்துவிட்டார்கள். இடும்பன்தான் தம்பியின் தோளைப் பிடித்துக்கொண்டான்.

அரண்மனையில் யாருக்கும் இது தெரியாது. விகடனிடம் வீட்டு நலம் யார் விசாரிக்கிறார்கள்?

மூன்றாம் நாள் இடும்பன் சபா மண்டபத்தில் வந்து நின்றான். முகம் மட்டும் கொஞ்சம் வெளுத்திருந்தது.

"கொடுத்துவிடுங்கள், அரசே. நூறு கிழியையும் கொடுத்துவிடுங்கள். ஜெயித்த ஆட்டத்தில் ஜனங்கள் காசு வீசுவதுபோல, தங்கள் கையாலேயே மைதானத்தில் வீசுங்கள். சபை தன் விதிப்படி எடுத்துக்கொள்ளட்டும். வழக்கமாக ஆட்டம் முடியும் நேரத்தில் சங்கு ஊதுவோம். அதற்குள் எடுக்காதது கஞ்சித் தொட்டிக்கு. அரண்மனை ஆள் ஒருவரும் கோட்டைத் தாண்ட மாட்டார்."

மந்திரி தலையில் அடித்துக்கொண்டார். நரசிங்கராயருக்கு வாயெல்லாம் பல். "சபை இதனை மனமார ஏற்கிறது" என்றார். எழுதியும் கொடுத்தார்.

மறுநாள் பிற்பகல் மைதானத்தைச் சுற்றி ஊரே நின்றது, எலும்பும் தோலுமாக. ஐந்து நாட்டுத் தூதர்களும் பந்தலில் இருந்தார்கள். ராஜா கிழிகளை ஒவ்வொன்றாக வீசினார். நூறும் கோட்டுக்குள் விழுந்தன. நரசிங்கராயர் பட்டு உத்தரீயத்தை இடுப்பில் வரிந்து கட்டிக்கொண்டு உள்ளே போய் முதல் கிழிக்குக் குனிந்தார்.

"ராயரே, கை!" என்று குரல் கொடுத்தான் இடும்பன்.

ராயர் அப்படியே நின்றார். இடும்பன் சபையின் விதி எழுதிய ஓலையைப் பிரித்து ஊருக்கே கேட்கும்படி வாசித்தான். 'கோட்டுக்குள் விழுந்த எதையும்' என்ற இடத்தில் கொஞ்சம் நிறுத்தினான். 'யாராயினும்' என்ற இடத்தில் இன்னும் கொஞ்சம் நிறுத்தினான்.

"அரண்மனை தலையிடவில்லை, ஐயா. விதி தாங்கள் எழுதியது, முத்திரையும் தங்களுடையது."

ராயர் விழித்தார். பிறகு நினைவு வந்தவராக, "துடைப்பக்காரர்களைக் கூப்பிடு!" என்று கத்தினார்.

கூட்டத்திலிருந்து ஒரு வயதானவர் கும்பிட்டுச் சொன்னார்: "ஆறு மாசமா கூலி இல்லீங்க சாமி. தொடப்பத்தையும் வித்துத் தின்னாச்சு."

இடும்பன் ஓரமாக நின்ற பத்து ஆட்டக்காரர்களைப் பார்த்தான். பதினோராவது இடத்தை அவர்கள் காலியாக விட்டு நின்றிருந்தார்கள்.

"என்னப்பா பார்த்துக்கிட்டு நிக்கிறீங்க? நீங்களும் சபைதானே? உங்களுக்கு உதைக்கத் தெரியாதா?"

முதலில் ஒருவன் தயங்கி ஓடி ஒரு கிழியை உதைத்தான். அது கோட்டைத் தாண்டி அவன் மனைவியின் முந்தானையில் விழுந்தது. அவ்வளவுதான், பத்துப் பேரும் இறங்கிவிட்டார்கள். ஊர் வெகுநாளைக்குப் பிறகு ஆரவாரம் செய்தது. ஆனால் அந்த ஆட்டத்தைப் பார்க்கச் சகிக்கவில்லை. நாலு கிழி உதைத்தவன் மூச்சு வாங்கி உட்கார்ந்தான். ஒருவன் கால் தடுக்கி விழுந்து, எழுந்திருக்கத் தெம்பில்லாமல் படுத்தவாறே ஒரு கிழியைக் காலால் நகர்த்தினான்.

கண்ணெதிரே பொன் போவதை ராயரால் தாங்க முடியவில்லை. தானும் ஒன்றை உதைத்தார். செருப்புதான் பறந்தது. இன்னொன்றை உதைக்கப் போய் மல்லாந்து விழுந்தார். விழுந்தவருக்கு இரண்டு பக்கமும் கிழிகள். மனிதர் விதியை மறந்தார், இரண்டையும் வாரி மார்போடு அணைத்துக்கொண்டார்.

"கை! கை!" என்று ஊரே கத்தியது. அவர் எழுதிய விதி அவரைச் சபையை விட்டு அனுப்பியது. ஐந்து நாட்டுத் தூதர்களும் அதைத் தலையசைத்து ஒப்புக்கொண்டார்கள்.

சங்கு ஊதியபோது நாற்பது கிழி ஆட்டக்காரர்கள் வீட்டுக்குப் போயிருந்தன. அதற்குமேல் உதைக்க அவர்களிடம் பலமில்லை. மிச்சம் அறுபதும் அப்படியே கஞ்சித் தொட்டிக்குப் போயின.

மகுடவர்மர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கண்ணில் நீர் வழிய வழியச் சிரித்தார். "கொடுத்தும் விட்டேன், வீணாகவும் இல்லை, தலையிடவும் இல்லை! கொண்டுவாருங்கள் அந்தப் பொற்கழலை!" பாட்டனார் காலத்து வீரக்கழல், வீரர்கள் காலில் அணிகிற, கல் பதித்த ஜோடி. அதை இடும்பனிடம் தாமே நீட்டினார்.

இடும்பன் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதைத் திருப்பித் தட்டில் வைத்தான்.

"ஒன்று போதும், அரசே."

"ஒற்றைக் கழலா! பார்த்தீர்களா, பரிசு வாங்கும்போதும் இவனுக்கு விகடம்தான்!" ராஜா மறுபடி சிரித்தார். பந்தலே சேர்ந்து சிரித்தது.

"விகடம் இல்லை, அரசே. இது என் தம்பி கடம்பனுக்கு. அவனுக்கு ஒரு கால்தான் இருக்கிறது. முந்தாநாள் எடுத்தார்கள்."

பின்வரிசையில் விஷயம் புரியாதவர்கள் இன்னும் கொஞ்ச நேரம் சிரித்துக்கொண்டிருந்தார்கள். ராஜாவின் சிரிப்பு முகத்திலேயே எங்கேயோ வழி தவறி நின்றது. "வேறு என்ன வேண்டும், இடும்பா?" என்றார் மெல்ல.

"ஒன்றும் வேண்டாம், அரசே. கொடுப்பதா வேண்டாமா என்று யோசிக்க வேண்டியதுதான். ஒரு மாதம் யோசித்தீர்கள். வைத்தியர் கேட்டது பத்து நாள்."

வணங்கிவிட்டு இடும்பன் நடந்தான். யாரும் அவனைத் தடுக்கவில்லை.

மிஞ்சிய ஒற்றைக் கழலை என்ன செய்வதென்று கஜானாக்காரருக்குத் தெரியவில்லை. உருக்கலாமா என்று கேட்டதற்கு ராஜா வேண்டாமென்றுவிட்டார். சபா மண்டபத்தில் பேச்சு நீளும் நாட்களில் அதை எடுத்துவரச் சொல்லித் தமக்கு முன்னால் வைத்துக்கொள்வார். அன்றைக்குப் பேச்சு சீக்கிரம் முடிந்துவிடும்.