மேலாளர் பெயர் எழுதிய தேங்காய்கள்

சாயத் தொழிற்சாலை மேலாளர் தாமோதரனுக்குக் கடலே கைகட்டி நிற்பதாக நினைப்பு. மீனவர்களைக் கூப்பிட்டு மிரட்டினார்: "எங்க கழிவு, குழாயை விட்டு வெளிய வந்ததும் நேரா நடுக்கடலுக்குப் போயிடும். கரைக்குத் திரும்புதுன்னு நிரூபிங்க. இல்லேன்னா ரெண்டாவது குழாய்க்குக் கையெழுத்துப் போடுங்க."

வலை பின்னும் கலியம்மா பணிவாகச் சொன்னாள்: "கடலம்மாவுக்குத் தேங்காய் விடுறது எங்க வழக்கம் சார். உங்க பேர் எழுதிப் பத்து விடுறோம்."

மேலாளருக்குப் பெருமை தாங்கவில்லை. அவள் நீரோட்டம் பார்த்து, படகில் போய்க் குழாய் வாயருகே தேங்காய்களை விட்டாள்.

மறுநாள் காலை, மேலாளர் தினமும் முங்கிக் குளிக்கும், அவர் பங்களாவை ஒட்டிய கரையில் ஒன்பது 'தாமோதரன்'கள் ஒதுங்கிக் கிடந்தன.

பார்க்க ஊரே கூடிவிட்டது. கலியம்மா கைகூப்பினாள்:

"பேர் எழுதினா சரியா வீடு தேடி வருது சார். இனிமே உங்க கழிவுலயும் எழுதிடுங்க. பாவம், வழி தெரியாம எங்க வீட்டுக்கு வந்துடுது."