வெள்ளச்சியின் தலைக்குள் தங்கிய மூடுபனி

மூடுபனிக்கும் கிளிக்கும் பேச்சு வந்த அந்தக் காலத்தில், ஒரு மலைச்சரிவில் வெள்ளச்சி என்பவள் தினைக்காவல் காத்துவந்தாள். அவளுக்கும் அவள் புருஷன் சடையனுக்கும் வருஷம் முழுக்கச் சோறு போடுவது அந்த ஒரு தினைக்கொல்லைதான். கிளிகளோடு அவர்களுக்கு ஓர் உடன்பாடு இருந்தது. வெள்ளச்சி கொல்லை நடுவே இருந்த காவல் பரணில் நின்று ‘ஆலோலம்’ என்று குரல் கொடுப்பாள். அது எதிர்ப்பாறையில் பட்டுத் திரும்பி வந்தால் கிளிகள் கொல்லையில் இறங்கக் கூடாது. வராவிட்டால் காவல் இல்லை என்று அர்த்தம், தாராளமாக இறங்கலாம். அவளுடைய குரலோ வெண்கல மணி. கிளிகளும் வாக்குத் தவறாதவை. ஒரு கதிருக்குக்கூடச் சேதம் வந்ததில்லை.

ஒருநாள் நன்றாக விடிந்த பிறகு, ஒரு குட்டி மூடுபனி பரணுக்கு அடியில் தவித்துக்கொண்டு நின்றது. தூங்குமூஞ்சி போலிருக்கிறது. அதன் கூட்டமெல்லாம் எப்போதோ மலையேறிப் போய்விட்டது. வெயில் பட்டால் அதன் உயிர் போய்விடும். பரணுக்கு வந்து நிழல் கேட்டவரை விரட்டுவது அந்த மலையில் வழக்கமே இல்லை. பாம்பு கேட்டாலும் சற்று நகர்ந்து இடம் விடுவார்கள். ஆனால் பரணின் ஓட்டைக் கூரைக்கு அடியில் பனிக்கு ஏது நிழல்? வெள்ளச்சி யோசித்துப் பார்த்தாள்.

“என் மூக்கு வழியா உள்ள போய் இருந்துக்க. பொழுது சாஞ்சதும் கிளம்பிடணும்” என்றாள்.

பனி சில்லென்று உள்ளே போனது. கொஞ்ச நேரத்தில் அவளுக்குத் தலை பாரமாக இருந்தது. வெயில் சூடு என்று நினைத்து, ஓடைக்குப் போய்த் தலையோடு குளிர்ந்த தண்ணீரை ஊற்றிக்கொண்டாள். அங்கேதான் தப்பு நடந்தது. பனி நுழைந்த வாசலெல்லாம் வீங்கி அடைத்துக்கொண்டது. பொழுது சாய்ந்தும் அதனால் வெளியே வர முடியவில்லை. அது போய்விட்டது என்றே வெள்ளச்சி நினைத்தாள்.

மறுநாள் காலையில் வெள்ளச்சியால் எழுந்திருக்கவே முடியவில்லை. நெற்றி கனத்தது, கண்ணுக்குப் பின்னால் குத்தியது, மேல்பல்கூட வலித்தது. சடையன் துணியால் தலையை இறுக்கிக் கட்டிப் பார்த்தான், சுக்கை இழைத்துப் பற்றுப் போட்டான். எதற்கும் வலி மசியவில்லை. எப்படியோ பரணேறி அவள் குரல் கொடுத்தபோது, அது பானைக்குள் பேசியது போல மொத்தையாக வந்தது. பாறை சும்மா இருந்தது.

மூத்த கிளி கீழே பார்த்து, “பாறை பேசலையே அக்கா. எங்க மேல குத்தமில்ல” என்றது. கூட்டம் கொல்லையில் இறங்கியது.

சாயங்காலத்துக்குள் பாதிக் கொல்லை மொட்டையாகிவிட்டது. மீதியும் போனால் மழைக்காலத்தில் பட்டினிதான். பரணடியில் உட்கார்ந்து வெள்ளச்சி அழுதாள். அழுதபடியே தன் வலியைக் கவனித்தாள். வெயிலில் வரும் தலைவலி இப்படி இருக்காது. நிமிர்ந்தால் கொஞ்சம் தேவலை. குனிந்தால் மண்டைக்குள் என்னவோ முன்பக்கம் ஓடிவந்து முட்டுகிறது. அவளுக்குச் சந்தேகம் வந்தது. நீ இன்னும் போகவில்லையா என்று மெதுவாகக் கேட்டாள்.

“போக வழியில்ல தாயி” என்றது உள்ளிருந்து ஒரு சின்னக் குரல். “நீ குனிஞ்சா, இதோ வாசல்னு ஓடிவந்து முட்டுறேன். கதவு திறக்கல. நெத்தியிலயும் கன்னத்துலயும் உனக்கு அறை அறையா இருக்கு. உன் குரல் குடியிருக்கிற இடம் அது. தெரியாம அதுல உக்காந்துட்டேன்.”

வெள்ளச்சி நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். தன் முகத்துக்குள் அறைகள் இருப்பதும் அதில் தன் குரல் குடியிருப்பதும் அவளுக்கு இதுவரை தெரியாது. ஒரு துண்டு வானம் அங்கே வழி தெரியாமல் அழுகிறது என்று நினைத்தபோது, வலியின் மேல் இருந்த கோபம் போய்விட்டது.

அந்த நேரத்தில் சடையன் பரணுக்குப் பக்கத்தில் மூட்டிய அடுப்பில் வெந்நீர் வைத்து, சாம்பல் விழாமலிருக்க நொச்சிக் கொத்தை ஒடித்துப் பானைமேல் போட்டிருந்தான். இலையெல்லாம் நீருக்குள் சரிந்து கொதித்தது. பானையை இறக்கிவைத்து, அவளைக் குடிக்கக் கூப்பிட்டான். அவள் குனிந்தாள். ஆவி முகத்தில் பட்டதும் தலைக்குள் பனி துள்ளியது.

“எங்க சனம் வந்திருக்கு தாயி. என்னைக் கூப்புடுது.”

ஆனால் காற்று ஆவியைக் கலைத்துக்கொண்டே இருந்தது. வெள்ளச்சி தன் புருஷனிடம் கம்பளியைத் தன் மேலும் பானை மேலும் சேர்த்துப் போர்த்தச் சொன்னாள். இருட்டில் கண்ணை மூடி, நொச்சி வாசத்தை மெல்ல உள்ளே இழுத்தாள். வீங்கிய வாசல்கள் ஒவ்வொன்றாக இளகின. மூக்கிலிருந்து நீர் ஒழுகியது. பிறகு பனி வெளியே வந்து ஆவியோடு கலந்தது. சடையன் கம்பளியைத் தூக்கினான். அவள் தலைக்குள் அடைந்திருந்தது விரிந்து, பள்ளத்தாக்கு முழுவதையும் நிறைத்தது.

“மழைநாள்ல வழி தவறினா மறுபடியும் வந்துடுவேன் தாயி. வேற வீடு எனக்குத் தெரியாது. இப்படியே கூப்புடு, போயிடுறேன்” என்று சொல்லிவிட்டு அது மலையேறியது.

விடிந்ததும் வெள்ளச்சி பரணில் நின்று குரல் கொடுத்தாள். பாறை அதை வாங்கித் திருப்பிக் கொடுத்தது. கொறித்த கதிரைப் பாதியில் விட்டுவிட்டுக் கிளிகள் எழுந்து பறந்தன. மீதிக் கொல்லை பிழைத்தது.

நமக்குத் தலையில் நீர் கோத்து, குனிந்தால் நெற்றி முட்டுவதும், நொச்சி கொதிக்கும் பானைக்கு முன்னால் போர்வைக்குள் தலை குனிந்து அந்த விருந்தாளியை அதன் சனத்தோடு சேர்த்து அனுப்புவதும், அன்றைக்குத் தொடங்கியதுதான்.