கயிறு பிடிக்க வந்த பண்ணாடி

பொள்ளாச்சிப் பக்கம் ஒண்டிமுத்து என்றொரு மரமேறி இருந்தான். அவன் தென்னையில் ஏறும் வேகத்துக்கு அணில்களே ஒதுங்கி வழிவிடும். சந்தேகமென்றால் அணிலைக் கேளுங்கள். அப்பேர்ப்பட்டவன், தோப்பு முதலாளியான பண்ணாடி ராமலிங்கத்தின் தோப்பில் ஒருநாள் மரத்திலிருந்து விழுந்தான். அதோடு வலது கையின் பிடிமானம் போய்விட்டது, விரல்கள் மடங்கவில்லை.

இழப்பீட்டு வழக்கு தொழிலாளர் அதிகாரி முன்னால் வந்தது. பண்ணாடி மீசையைத் தடவிக்கொண்டார்.

"கை இருக்குதுங்க, காலும் இருக்குதுங்க. இன்னைக்கும் நூறு மரம் ஏறுவானுங்க. பொழப்புப் போச்சுங்கறது சுத்த நடிப்பு!"

"ஏற முடியாதுன்னு எப்படிப்பா நிரூபிப்பே?" என்றார் அதிகாரி.

ஒண்டிமுத்து ஜன்னல் வழியே பார்த்தான். அலுவலக வளாகத்தில் ஒரு தென்னை, குலைகுலையாய் இளநீர்.

"பண்ணாடி சொன்னாச் சரிங்க, ஏறிடறனுங்க. ஆனா இளநிக் குலையைக் கயித்துல கட்டித்தானுங்க இறக்கோணும். பண்ணாடியே கீழ நின்னு கயித்தைப் பிடிச்சுக்கட்டுங்க."

எல்லோரும் மரத்தடிக்கு வந்தார்கள்; கயிறும் அரிவாளும் வந்தன, கயிற்றின் நுனி பண்ணாடி கைக்குப் போனது. அரிவாளை இடுப்பில் செருகிக்கொண்டு ஒண்டிமுத்து நாலடி ஏறினான். வலது கை வழுக்கியது. ஊசலாடினான்.

பண்ணாடி கயிற்றைப் போட்டுவிட்டு வாசலில் நின்ற தன் ஜீப் வரைக்கும் ஓடினார். "இறங்குடா! பிடிக்காத கையை வெச்சுக்கிட்டு ஏறினா, அரிவாளோட என் தலைமேலதான்டா விழுவே!"

"சொன்னதை அப்படியே எழுதிக்கிறேன்" என்ற அதிகாரி, முழு இழப்பீட்டுக்கும் அங்கேயே உத்தரவு போட்டார்.

ஒண்டிமுத்து மரத்தைக் கட்டிக்கொண்டபடி திரும்பினான்.

"ஒண்ணுதானுங்க பண்ணாடி ஆச்சு. மிச்சம் தொண்ணூத்தொம்பது மரத்துக்கும் வந்து நிக்கறீங்களா?"