கடல் வேலைக்குச் சேர்ந்தது

அந்தக் காலத்தில் கடலுக்கு நேரங்காலம் என்பதே கிடையாது. நினைத்தால் வரும், நினைத்தால் போகும். ஒரு தடவை கரையேறி வந்து ஒன்பது நாள் தங்கிவிட்டுப் போனதாம். இன்னொரு தடவை ஒரு மாதம் ஆளையே காணோம். படகுகள் மணலில் படுத்துக் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தன. நண்டு, நாரை, கல், மண் எல்லாம் வாய் திறந்து பேசிய காலம் அது. கேட்டால் பதில் சொல்லிவிடும் என்ற பயத்தில் மனிதர்கள்தான் அவற்றிடம் அதிகம் பேச்சுக் கொடுக்க மாட்டார்கள்.

அப்போது பட்டணத்துக் கரையில் ஒரு கம்பெனி இருந்தது. கப்பலில் என்ன வந்தது, என்ன போனது என்று எழுதி வைப்பது அதன் வேலை. எழுதுவதற்கு உட்கார இடம் வேண்டும் அல்லவா? முதலில் பனங்கட்டை நட்டு, ஓலை வேய்ந்து ஒரு கொட்டகை போட்டார்கள். கடல் வந்தது, கொட்டகை போயிற்று. அடுத்து செங்கல்லும் சுண்ணாம்புமாக இரண்டு மாடி எழுப்பினார்கள். கடல் வந்தது, இரண்டு மாடியும் போயிற்று. நாற்பது பீப்பாய் மை கொட்டியதால்தான் அந்தப் பக்கத்துக் கடல் மட்டும் கூடுதல் நீலமாக இருக்கிறது என்று சிலர் சொல்வார்கள். நான் அதை நம்புவதில்லை.

மூன்றாம் முறை கம்பெனிக்காரர்களுக்கு ரோஷம் வந்துவிட்டது. கருங்கல்லிலேயே நான்கு கட்டடம் எழுப்பி, நடுவில் முற்றம் விட்டு, அறுநூறு பேர் உட்கார்ந்து எழுதும்படி ஒரு பெரிய ஆபீஸ் வளாகமாகக் கட்டினார்கள். கடலுக்குப் பயந்து, கிழக்குப் பக்கம் முழுக்க ஒரே சுவர். கதவு இல்லை, ஜன்னல் இல்லை, ஒரு புறா நுழையும் பொந்துகூட இல்லை. வாசல் மேற்கே தெருவைப் பார்த்து இருந்தது. கடற்கரையில் இடம் பிடித்துக் கடலுக்கே முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்ட கட்டடம் அது ஒன்றுதான்.

"இதுவும் விழுந்தால் பட்டணமே வேண்டாம். இருபது கல் தள்ளி மலையடிவாரத்துக்குப் போய்விடுவோம்" என்று கம்பெனிக்காரர்கள் அறிவித்தார்கள்.

இதைக் கேட்டு விரல்விட்டுக் கணக்குப் பார்த்தது அபரஞ்சிதான். ஆபீஸை ஒட்டிய குப்பத்துக்காரி அவள். அறுநூறு பேருக்கும் மத்தியானச் சோறும் மீன் குழம்பும் அவள் அடுப்பிலிருந்துதான் போயின. குப்பத்து ஆண்கள் கப்பலுக்கும் கரைக்கும் நடுவே சரக்குப் படகு ஓட்டினார்கள். ஆபீஸ் மலைக்குப் போனால் குப்பத்தில் ஓர் அடுப்பும் எரியாது. மலையடிவாரத்தில் மீன் குழம்பை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

அந்த ஆண்டு ஆடியில் கடல் ஒரு முறை வந்து மோதியது, சுவர் தாங்கிற்று. ஆவணியில் வந்தது, நான்கு இடத்தில் விரிசல். இன்னொரு தடவை வந்தால் அவ்வளவுதான் என்று கல்லே வாய்விட்டுச் சொன்னது. அபரஞ்சி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு மணலுக்குப் போய், வளைக்கு வெளியே வெயில் காய்ந்துகொண்டிருந்த நண்டைப் பிடித்துக்கொண்டாள்.

"இன்னா நண்டு, ஒங்கம்மாவுக்கு எங்க ஆபீஸ் மேல இன்னா அவ்ளோ கோவம்?"

நண்டு ஒரு கண்ணை மட்டும் உயர்த்தியது. "கோவமா? யாரு சொன்னது? அவங்க கதவைத் தட்டுறாங்கம்மா. நீங்கதான் அந்தப் பக்கம் கதவே வைக்கல. கதவில்லாத எடத்துல தட்டினா சுவருதான் விழும்."

"எதுக்குத் தட்டுறாங்களாம்?"

"காலைல அறுநூறு பேரு உள்ள போறீங்க. சாயங்காலம் தொங்கிப்போன மூஞ்சியோட வெளிய வர்றீங்க. நடுவுல அப்படி என்னதான் பண்றீங்கன்னு ஒரு தரம் பாக்கணுமாம்." சற்று யோசித்துவிட்டு நண்டு சொன்னது: "எனக்கும் ஆசைதான்."

இதைக் கம்பெனிக்காரர்களிடம் போய்ச் சொன்னால் சிரிப்பார்கள். அபரஞ்சி சொன்னாள், சிரித்தார்கள். ஒரு வாரம் விட்டு மறுபடியும் போய், "மேக்கால சுத்திக்கினு வர்றதுக்குள்ள கொழம்பு ஆறிப்பூடுது. கெழக்கால ஒரு கதவு வச்சா அடுப்புலேருந்து நேரா எலைக்கு வந்துடும்" என்றாள். சுவர் விழுவதற்கு அசையாதவர்கள் குழம்பு ஆறுவதற்கு அசைந்தார்கள். மூன்றே நாளில் கிழக்குச் சுவரில் ஆளுயரக் கதவும் அதற்குக் கீழே ஏழு படிகளும் வந்துவிட்டன.

கதவு என்று ஒன்று வந்தால் அங்கே எத்திராஜு இருந்தாக வேண்டும். வருகைப் பதிவேடு அவர் பொறுப்பு. வாசற்படியைத் தாண்டுகிறவர் யாரானாலும் பதிவேட்டில் கையெழுத்துப் போட வேண்டும், போட்டவர் யாரானாலும் ஆபீஸ் விதிக்குக் கட்டுப்பட வேண்டும் என்பது கொட்டகைக் காலத்திலிருந்தே கம்பெனியின் முதல் சட்டம். இருபத்தேழு வருஷமாக எத்திராஜு அதை ஒருவருக்கும் தளர்த்தியதில்லை. அபரஞ்சி ஒரு நாளைக்கு நான்கு தடவை கைநாட்டு வைப்பாள். எலி பிடிக்க வந்த பூனையின் பாதம்கூட அந்தப் பதிவேட்டில் இருந்தது. குனிந்த தலை நிமிராமல் எழுதுகிற மனிதர். வந்தவரின் கையை மட்டுமே பார்ப்பார். காற்று நன்றாக வருகிறதென்று மேசையைக் கிழக்குக் கதவருகே போட்டுக்கொண்டார்.

ஐப்பசியில் ஒரு திங்கட்கிழமை, மணி பத்து. கடல் கிளம்பி வந்தது. கம்பெனிக்காரர்கள் மொட்டை மாடிக்கு ஓடினார்கள். அறுநூறு பேரும் மேசைமேல் ஏறி நின்றார்கள். அபரஞ்சி குழம்புச் சட்டியை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, அசையாமல் எத்திராஜு நாற்காலிக்குப் பின்னால் நின்றுவிட்டாள். ஏழு படியையும் ஏறி, கதவைப் பார்த்ததும், கடல் அப்படியே நின்றது. பிறந்த நாள் முதல் யாரும் அதற்கென்று ஒரு கதவைத் திறந்து வைத்ததில்லை. கூச்சத்தோடு குனிந்து உள்ளே எட்டிப் பார்த்தது.

"பேர்?" என்றார் எத்திராஜு, தலை நிமிராமல்.

"கடல்."

"அப்பா பேர்?"

"தெரியாதுங்க."

"போகட்டும். வந்த நேரம் பத்து. இங்க ஒரு கையெழுத்துப் போடுங்க."

கடல் ஒற்றை அலையின் நுனியால் தாளைத் தொட்டது. உப்பில் ஒரு கோடு விழுந்தது. எத்திராஜு அதை ஊதிக் காயவைத்துவிட்டு, இருபத்தேழு வருஷமாகச் சொல்வதை ஒப்பித்தார்.

"கையெழுத்துப் போட்டாச்சு, இனிமே நீங்க ஆபீஸ் ஆள். புது ஆளுன்னா ரெண்டு முறை: காலைல பத்து மணிக்கு ஒரு தடவை, ராத்திரி பத்து மணிக்கு ஒரு தடவை வரணும். வேலை முடிஞ்சா கிளம்பிடணும், இஷ்டத்துக்குத் தங்கக் கூடாது. சுவர் கம்பெனி சொத்து, கை வைக்கக் கூடாது. தொடர்ந்து பதினாலு நாள் தாமதமா வந்து, பதினஞ்சாம் நாளும் தாமதம்னா பேரை அடிச்சிடுவேன். புரிஞ்சுதா?"

அப்போதுதான் நிமிர்ந்தார். எதிரே வானம் வரைக்கும் தண்ணீர். நாற்காலியோடு சாய்ந்தார், அபரஞ்சி பிடித்துக்கொண்டாள்.

கடலுக்கோ சந்தோஷம் தாங்கவில்லை. "எனக்கா? வேலையா? நெசமாவா?" என்று நுரைத்துக்கொண்டு குதித்தது. "என்ன வேலை?"

"படியைக் களுவு தாயி" என்றாள் அபரஞ்சி.

கடல் ஏழு படிகளையும் பளிச்சென்று கழுவிவிட்டு, மத்தியானத்துக்குள் ஒழுங்காக இறங்கிப் போயிற்று. கட்டடத்தில் ஒரு கல் அசையவில்லை. குப்பத்தில் அன்று வறுத்த மீன் வாசனை தெருக்கோடி வரைக்கும் அடித்தது. மாடியிலிருந்து இறங்கிய கம்பெனிக்காரர்கள், இதெல்லாம் தங்கள் ஏற்பாடுதான் என்பதுபோல் நடந்துகொண்டார்கள்.

மறுநாள் கடல் வந்தபோது மணி பத்தே முக்காலைத் தாண்டியிருந்தது.

"ஏன் தாமதம்?" என்று கேட்டார் எத்திராஜு.

"வர்ற வழியில நிலா புடிச்சிக்கிச்சு. பேசிட்டே நின்னுட்டேன்."

எத்திராஜு சிவப்பு மையில் ஒரு கோடு போட்டார். அடுத்த நாள் பதினொன்றரையைத் தாண்டியது. அதற்கு மறுநாள் பன்னிரண்டரை. இரவு முறையும் இதே லட்சணம்தான் என்று காவல்காரர் வந்து சொன்னார். ஒவ்வொரு நாளும் முந்தின நாளைவிட முக்கால் மணி சொச்சம் பின்தங்கி வந்தது கடல். பத்துச் சிவப்புக் கோடு சேர்ந்ததும் அபரஞ்சிக்குச் சோறு இறங்கவில்லை. பேரை அடித்துவிட்டால் கடலுக்கு விதி கிடையாது. விதி போனால் சுவர் போகும், சுவர் போனால் ஆபீஸ் மலைக்குப் போகும்.

படியில் உட்கார்ந்துகொண்டு கடலைக் கெஞ்சிப் பார்த்தாள். "அந்த நிலா கையில அப்பால பேசிக்கிறேன்னு சொல்லிட்டு வரக் கூடாதா?"

"சொன்னேனே. சொன்னா அதுக்கு மூஞ்சி நாளுக்கு நாள் சின்னதாப் போவுது. பாவமா இருக்கு" என்றது கடல்.

எத்திராஜுவைக் கெஞ்சினாள். "ஒரு கோட்டையாவது அழிச்சிட்டா இன்னா ரைட்டரே?"

"அழிச்சா இது பதிவேடே இல்லம்மா. இது இல்லன்னா கடல் எதுக்குக் கட்டுப்படும்?" என்றார் அவர். தாமதத்தின் பதினாலாம் நாள் காலை முறைக்கு வர வேண்டியது, இரவு ஒன்பதுக்கு மேல்தான் வந்தது. வீட்டுக்குப் போகாமல் காத்திருந்த எத்திராஜு பதினாலாவது கோட்டைப் போட்டுவிட்டு மேசையிலேயே தலை சாய்த்தார்.

பதினைந்தாம் நாள் குப்பம் முழுக்கப் படியில் வந்து நின்றது. நண்டு முதல் படியில் இடம் பிடித்திருந்தது. கம்பெனிக்காரர்கள் மூட்டை கட்டி வண்டியில் ஏற்றியிருந்தார்கள். எத்திராஜு சிவப்புப் பேனாவை மையில் தோய்த்துக் கையில் வைத்திருந்தார். ஒன்பதே முக்கால். ஒன்பது ஐம்பத்தைந்து. அபரஞ்சி கண்ணை மூடிக்கொண்டாள்.

முதல் படியில் சளக் என்று ஒரு சத்தம். இரண்டாம் படி. மூன்றாம் படி. கடிகாரம் பத்து அடிக்கவும், ஏழாம் படியில் கடல் வந்து நிற்கவும் சரியாக இருந்தது.

"தாயி, நேரத்துக்கு வந்துட்டியே!" என்று அலறினாள் அபரஞ்சி.

"நேரத்துக்கா?" கடல் விழித்தது. "நான் எப்பவும் போலத்தானே வந்தேன். நிலாகிட்டப் பேசிட்டு, ராத்திரி முறைக்குக் கையெழுத்துப் போட இப்பதான்..."

எத்திராஜு மனதுக்குள் கணக்குப் போட்டார். விஷயம் விளங்கிவிட்டது. முந்தின இரவு பத்து மணிக்கு வந்திருக்க வேண்டியது, நாளுக்கு நாள் தாமதமாகித் தாமதமாகி, முழுசாகப் பன்னிரண்டு மணி நேரம் பிந்திக் காலை பத்துக்கு வந்து நிற்கிறது. நேரம் தவறுவதையும் ஒழுங்கு தவறாமல் செய்ததில் நேரமே சரியாகிவிட்டது.

அவர் சிவப்புப் பேனாவைக் கீழே வைத்தார். பதிவேட்டில் வந்த நேரம் எழுத ஒரு கட்டம் உண்டு. எந்த முறைக்காக வந்தார் என்று எழுதக் கட்டமே கிடையாது. கறுப்பு மையைத் தொட்டு, நிதானமாக, 'மணி பத்து' என்று எழுதினார். "பேசாம கையெழுத்தைப் போடுங்கம்மா" என்றார் கடலிடம். இருபத்தேழு வருஷத்தில் அவர் சிரித்து அன்றுதான் எல்லாரும் பார்த்தார்கள்.

குப்பமே ஓவென்று கூவியது. கம்பெனிக்காரர்கள் வண்டியிலிருந்து மூட்டைகளை இறக்கினார்கள். அபரஞ்சி முழங்கால் தண்ணீரில் இறங்கிக் கடலை இரண்டு கையாலும் வாரி முகத்தில் அப்பிக்கொண்டாள். நாளாவட்டத்தில் நான்கு கட்டடம் எட்டாகி, எட்டு பதினாறாகி, கருங்கல்லுக்குப் பக்கத்தில் கண்ணாடி மாடிகளும் எழும்பின. ஆனால் அந்தப் பட்டணத்துக் கரையில் அதற்குப் பிறகு ஒருவரும் கடலுக்கு முதுகு காட்டிக் கட்டவில்லை.

அன்று முதல்தான் கடல் நாளுக்கு இரண்டு தடவை, முந்தின நாளைவிட முக்கால் மணி சொச்சம் பிந்தி வந்து படியைக் கழுவிவிட்டுப் போகிறது. பதினைந்து நாளைக்கு ஒரு முறை மட்டும் சொன்ன நேரத்துக்கு வந்து நின்று வேலையைக் காப்பாற்றிக்கொள்கிறது.