மொக்கையன் ஊருக்காகச் செத்த கதை

ஆனைக்குழி என்று ஓர் ஊர். அந்த ஊரில் புத்திசாலிகளே கிடையாது என்று சொன்னால் பொய். எப்போதாவது ஒருவர் இருவர் வழி தவறி வருவார்கள். தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுப் போய்விடுவார்கள்.

அப்பேர்ப்பட்ட ஊரில் கோடாங்கிகள் பெருத்துப் போனார்கள். யார் வீட்டில் இழவு விழுந்தாலும் மறுநாளே ஒருவன் வாசலில் நின்று உடுக்கையை ஆட்டுவான். "உங்கப்பா எம்மேல வந்திருக்காரு, சேவல் கேக்குறாரு" என்பான். அழுதுகொண்டிருக்கிறவர்கள் எங்கே யோசிப்பார்கள்? பிடித்துக் கொடுத்துவிடுவார்கள். கடைசியில் விடியற்காலையில் கூவுவதற்குக்கூட ஊரில் ஒரு சேவல் இல்லாமல் போயிற்று. ஊர்க்காரர்கள் இன்னும் விடியவில்லை என்று நினைத்து உச்சிவெயில் வரைக்கும் தூங்கினார்கள். வரி வாங்க வந்த ஆள் இதைப் பார்த்துவிட்டுப் போய் அரண்மனையில் சொன்னான்.

அரண்மனையிலிருந்து உத்தரவு வந்தது. செத்தவர்களோடு உண்மையாகவே பேசத் தெரிந்தவனுக்குக் கழுத்தில் மாட்டிக்கொள்ள அரண்மனை முத்திரை போட்ட செப்பு வில்லை கொடுக்க வேண்டும். வில்லை இல்லாதவர் எவரும் செத்தவரோடு ஒரு வார்த்தையும் பேசக் கூடாது. செத்தவர் சொன்னது சரிதானா என்று நன்றாக விசாரித்த பிறகே வில்லை தர வேண்டும்.

இதற்கென்று ஒரு குழு போட்டார்கள். திருவேங்கடம் தலைவர். அவருக்கு மீசை பெரிது என்பதால் அதில் தகராறு வரவில்லை. அடுத்தவன் சூரப்பன், குழுவுக்கே மூளை என்று தானே சொல்லிக்கொள்வான். மூன்றாவது ஆள்தான் நம்முடைய மொக்கையன். யார் எதைச் சொன்னாலும் "அதுவும் சரிதான்" என்று சொல்கிற தங்கமான மனுஷன்.

மூவரும் சாவடியில் உட்கார்ந்தார்கள்.

"செத்தவர் சொன்னது சரியான்னு யார்கிட்ட விசாரிக்கிறது?" என்றார் திருவேங்கடம்.

"செத்தவர்கிட்டதான்" என்றான் சூரப்பன்.

"வில்லை இல்லாம நாம எப்படி அவர்கிட்டப் பேசுறது?"

"வில்லை வச்சிருக்கிற கோடாங்கியை விட்டுப் பேசச் சொல்லணும்."

"வில்லைதான் இன்னும் யாருக்கும் கொடுக்கலையே?"

"விசாரிக்காம எப்படிக் கொடுக்கிறது?"

"அதுவும் சரிதான்" என்று சொல்லிவிட்டு மொக்கையன் தூணோரமாகப் படுத்துத் தூங்கிப்போனான். சூரப்பன் அவனையே உற்றுப் பார்த்தான்.

"தலைவரே, பேச்சுத்தானே கூடாது? தலையாட்டலாமே! நாம கேட்டா ஆமா இல்லைன்னு தலையாட்டுற மாதிரி, பக்கத்துலயே ஒரு செத்தவரு இருந்தாப் போதும்."

"செத்தவங்க யாரும் தலையாட்டி நான் பார்த்ததில்லையே."

"அது நெசமா செத்தவங்க. நாம ஒருத்தரைத் தீர்மானம் போட்டுச் சாக வைப்போம். செத்த மாதிரியும் ஆச்சு, தலையும் ஆடும்."

எழுப்பிக் கேட்டார்கள். "அதுவும் சரிதான்" என்றான் மொக்கையன். அதோடு அவன் கதை முடிந்தது.

செய்ய வேண்டியதை முறையாகச் செய்தார்கள். சங்கு ஊதுகிறவன் வீடு மொக்கையனுக்குத்தான் தெரியும் என்பதால் அவனே போய்க் கூட்டி வந்தான். மாலை போட்டதும் நாலு பேர் சேர்ந்து, நல்ல மனுஷன், இந்த வயசில் போய்விட்டானே என்றார்கள். அதைக் கேட்டு மொக்கையனுக்கே கண் கலங்கிவிட்டது.

செய்தி கேட்டு அவன் பெண்சாதி பூவாயி தலைவிரி கோலமாக ஓடி வந்தாள்.

"காலையில ரசத்துல உப்பு இல்லேன்னு தட்டைத் தள்ளிட்டுப் போனாரே! வெறும் வயித்தோட செத்துட்டாரே! எம்மேல கோவத்தோட போயிட்டாரா, கோவம் தணிஞ்சு போனாரா, யாராவது கேட்டுச் சொல்லுங்களேன்!"

கோபமெல்லாம் அப்போதே போய்விட்டது புள்ளே என்று சொல்ல மொக்கையன் வாயைத் திறந்தான். திருவேங்கடம் பாய்ந்து வந்து பொத்தினார்.

"வில்லை இல்லாம அவ உன்னோட பேசினா அவமேல குத்தம். பேச வச்சா உம்மேல குத்தம். செத்தவனுக்கு என்ன அவசரம்?"

அன்றிலிருந்து மொக்கையனுக்குச் சாவடியே வீடாயிற்று. பூவாயி தினமும் ஓர் இலையில் ரசஞ்சோறு பிசைந்து, உப்பைக் கூடவே ஒரு கை போட்டு, மதில்மேல் வைத்துக் காக்காயைக் கூப்பிடுவாள். நமக்குத்தானே வைக்கிறாள் என்று மொக்கையன் ஓடுவான். காக்காய்தான் முந்தும். வேண்டாத வேலையை இழுத்துப் போட்டுக்கொண்டோமே என்று அவனுக்கு முதல்முறையாகத் தோன்றியது.

பரீட்சை தொடங்கியது. முதலில் ஒரு பெரிய கோடாங்கி வந்தான். உடுக்கை அடித்துச் சாமியாடி, "மொக்கையன் வடக்கால புளியமரத்துல நிக்கிறான், சேவல் கேக்குறான்" என்றான். குழு மொக்கையனைப் பார்த்தது. அவன் இல்லை என்று தலையாட்டினான். கோடாங்கி தோற்றான்.

அடுத்து ஒரு குறிகாரி வந்தாள். மொக்கையனை ஏற இறங்கப் பார்த்தாள். "யாருய்யா செத்தது? இந்தாளு கொட்டக் கொட்ட முழிச்சுக்கிட்டு உக்காந்திருக்காரே!"

"செத்தவர் யாரு, உசுரோட இருக்கிறவர் யாருன்னே தெரியலை. இந்தம்மா தொழிலுக்கு வந்துட்டாங்க" என்று சூரப்பன் தலையிலடித்துக்கொண்டான். அவளும் தோற்றாள்.

அந்த நேரம் ஓர் உப்பு வியாபாரி வண்டியை நிறுத்திவிட்டு நிழலுக்கு ஒதுங்கினான். மாலையும் கழுத்துமாக உட்கார்ந்திருந்தவனைப் பார்த்து, "என்னண்ணே, முகம் வாடியிருக்கு?" என்றான். "பசிக்குதப்பா, ரசஞ்சோறு வேணும்" என்று மொக்கையன் காதோடு சொன்னான். வியாபாரி திரும்பி, "ஏங்க, இவருக்கு ரசஞ்சோறு வேணுமாம்" என்றான்.

குழு விறைத்து நிமிர்ந்தது. "சரியா?" என்றார் தலைவர். மொக்கையன் கழுத்துச் சுளுக்கும்படி ஆட்டினான். உடுக்கை இல்லை, சாமியாட்டம் இல்லை, செத்தவர் மனசில் உள்ளதைப் புட்டுப் புட்டு வைத்துவிட்டானே! வேண்டாம் வேண்டாம் என்றவனைப் பிடித்து நிறுத்தி வில்லையைக் கொடுத்தார்கள். அவன் அதை மாட்டின் கழுத்தில் கட்டிக்கொண்டு அடுத்த ஊருக்குப் போய்விட்டான்.

வேலை முடிந்ததென்று மொக்கையன் மாலையைக் கழற்றினான்.

"நில்லு. தாகமா?" என்றார் தலைவர். இல்லை என்று தலை ஆடியது. "வெயிலா?" அதுவும் இல்லை. "பொழைக்கணுமா?" ஆமாம் ஆமாம் என்று ஆடியது.

"நீ பொழைச்சா அவன் செத்தவரோட பேசினது பொய்யாயிடும். அரண்மனை வில்லையைப் பொய்யாக்குறதா?" என்று மாலையை மறுபடி போட்டார்.

மொக்கையன் தேம்பித் தேம்பி அழுதான். சூரப்பனுக்கும் மனசு கேட்கவில்லை. அவன்தான் வழி கண்டுபிடித்தான். "இவனே பரீட்சை கொடுக்கட்டும் தலைவரே. வில்லை வாங்கிட்டா இவன் பேசலாமே. செத்துப்போன மொக்கையனை இவனைவிட நல்லாத் தெரிஞ்சவன் யாரு?"

மொக்கையன் ஒரு பக்கம் உட்கார்ந்து, "மொக்கையா, என்னப்பா வேணும்?" என்று கேட்டான். எழுந்து மறுபக்கம் போய் உட்கார்ந்து, "பூவாயியப் பார்க்கணும்" என்றான். திரும்ப இந்தப் பக்கம் வந்து குழுவிடம் அதைச் சொன்னான். சரியா என்று கேட்டார்கள். மறுபக்கம் போய்த் தலையாட்டினான். வில்லை கிடைத்தது.

கழுத்தில் வில்லையோடு அவன் தன் வீட்டுக்குள் நுழைந்தபோது பூவாயி முந்தானையைத் தோளில் போர்த்திக்கொண்டு மரியாதையாக எழுந்து நின்றாள்.

"கோடாங்கி ஐயா, எங்க வீட்டுக்காரரு கோவத்தோடதான் போனாரான்னு கேட்டுச் சொல்லுங்க."

"இல்லையாம் தாயி" என்றான் மொக்கையன். "ரசத்துல உப்பு சரியாத்தான் இருந்துச்சாம். நாக்குத்தான் சரியில்லையாம். உன்னைப் போல ஒருத்தி கிடைக்க மாட்டாளாம்."

பூவாயி அழுதாள், சிரித்தாள், மறுபடி அழுதாள். "அவரே பேசுற மாதிரி இருக்குங்க!" என்று இலை போட்டு ரசஞ்சோறு பரிமாறினாள். மொக்கையன் சாப்பிட்டான், இன்னும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டான், இலையை வழித்து நக்கினான். பிறகு வழக்கமான மூலையில் வழக்கமான பாயை உதறிப் போட்டான்.

பூவாயி பதறிப்போனாள். "ஐயா, கோவிச்சுக்காதீங்க. ஆம்பளை இல்லாத வீடு. பொழுது சாயுது, நாலு பேரு நாலு விதமாப் பேசுவாங்க. புறப்படுங்க."

மொக்கையன் யோசித்துப் பார்த்தான். அதுவும் சரிதான். பாயைச் சுருட்டி வைத்துவிட்டு வாசல் வரைக்கும் போனவனுக்கு மனசில் ஏதோ உறுத்தியது. நாம் இல்லாத வீட்டில் எவனோ ஒரு கோடாங்கி வந்து வயிறு முட்டச் சாப்பிட்டு, நம் பாயையும் அல்லவா விரிக்கப் பார்க்கிறான்! திரும்பி வந்து கடுமையாகச் சொன்னான்.

"தாயி, உங்க வீட்டுக்காரரு ஒண்ணு சொல்லச் சொன்னாரு. இனிமே அந்தக் கோடாங்கியை வீட்டுக்குள்ள விடவே கூடாதாம்."

"அவரு சொன்னா சொன்னதுதான்" என்று பூவாயி கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள்.

செத்த பிறகும் வீட்டில் நம் பேச்சுக்கு மதிப்பு இருக்கிறது என்ற சந்தோஷத்தோடு மொக்கையன் சாவடிக்கு நடந்தான்.