விருந்தினராகிப்போன யானை

ஒரு காட்டில், நகரத்தின் கடைசித் தெரு வந்து முட்டுகிற ஓரத்தில், ஒரு குட்டை இருந்தது. அங்கே வாழ்ந்த விலங்குகள் வேலி வழியாக நகரத்தை எட்டிப் பார்த்துப் பார்த்து, தாங்களும் சங்கம் வைத்துக்கொண்டன. குட்டைத் தண்ணீரைக் கவனிக்க ஒரு சங்கம்; அதற்குத் தலைவர் கரடி. கரையைக் கவனிக்க இன்னொரு சங்கம். அதற்குத் தலைவர் நரி. இரண்டு சங்கத்துக்கும் அதே முயல்களும் அதே அணில்களும்தான் உறுப்பினர்கள் என்பது வேறு விஷயம்.

ஒரு கோடைக் காலையில், தண்ணீர் குடிக்கப் போன மான்குட்டி சேற்றில் சிக்கிக்கொண்டது. காலை உதற உதற இன்னும் கீழே இறங்கியது. தாய்மான் அலறிக்கொண்டு ஓடியது.

"கரடி ஐயா, என் குட்டி சேற்றில் முங்குகிறது! காப்பாற்றுங்கள்!"

"சேறா?" என்று கரடி குழம்பியது. "எங்கள் சங்கம் தண்ணீருக்குத்தானே அம்மா? நரியாரைக் கேளுங்கள்."

நரி தலையைச் சொறிந்தது. "கரை என்றால் காய்ந்த மண். இது ஈரமாக அல்லவா இருக்கிறது? சேறு யாருடைய பொறுப்பு?"

இருவரும் உட்கார்ந்து யோசித்தார்கள். முயல்களும் அணில்களும் எந்தத் தலைவர் பக்கம் நிற்பது என்று தெரியாமல் அங்கும் இங்கும் ஓடின. அதற்குள் சேறு குட்டியின் வயிற்றைத் தொட்டுவிட்டது.

அலறல் கேட்டு யானை ஓடி வந்தது. யானை நல்ல பலசாலி. ஆனால் யார் என்ன சொன்னாலும் மறுத்துப் பேசத் தெரியாது.

"குட்டி எங்கே? நான் தூக்கிவிடுகிறேன்."

"ஆகா, யானையாரே நம் குட்டைக்கு வந்துவிட்டார்!" என்று கரடி துள்ளியது. "இந்தப் பாறையில் உட்காருங்கள் ஐயா!"

நரி ஓடிப் போய்த் தேக்கிலைகளைக் கோத்த பொன்னாடை ஒன்றைக் கொண்டுவந்து போர்த்தியது. கரடி விடுமா? அதுவும் ஒன்று போர்த்தியது.

யானை திருதிருவென்று விழித்தது. "நான் குட்டியைத் தூக்கத்தான் வந்தேன்..."

"நன்றாகச் சொன்னீர்கள்! நீங்கள் சிறப்பு விருந்தினர். விருந்தினரைச் சேற்றில் இறக்கி வேலை வாங்கினால் ஊர் சிரிக்காதா?" என்றது கரடி.

"அப்படியானால் குட்டியை யார் தூக்குவது?"

கரடி நரியைப் பார்த்தது. நரி கரடியைப் பார்த்தது. "அதை வரவேற்புரை முடிந்ததும் பேசிக்கொள்ளலாம்" என்றது நரி.

யானைக்குத் தலை சுற்றியது. எழுந்தால் மரியாதை கெட்டுவிடுமோ? உட்கார்ந்திருந்தால் பாவமாகிவிடுமோ? பாதி எழுந்தது. எல்லோரும் "உட்காருங்கள், உட்காருங்கள்" என்றதும் மறுபடியும் உட்கார்ந்தது.

எனக்கே கோபம் வருகிறது, குழந்தைகளே! அங்கே குட்டி கழுத்துவரை முங்கிவிட்டது. இங்கே கரடி தண்ணீரின் பெருமையைப் பேச, கூட்டம் கை தட்டுகிறது.

இவர்களிடம் கெஞ்சிப் பயனில்லை என்று தாய்மானுக்குப் புரிந்துவிட்டது. பாறைக்கு முன்னால் வந்து தலை வணங்கி, உரத்த குரலில் சொன்னது:

"தலைவர்களே, விழா பிரமாதம்! ஆனால் சிறப்பு விருந்தினர் கையால் பரிசு கொடுக்காமல் எந்த ஊரிலாவது விழா நடக்குமா?"

கரடி பேச்சை நிறுத்தியது. நரி நாக்கைக் கடித்துக்கொண்டது. "அடடா, மறந்தே போனோம்! யாருக்குப் பரிசு?"

"எனக்குத்தான்."

"என்ன பரிசு?"

"அதோ, சேற்றில் இருக்கிறது. விருந்தினர் எடுத்துக் கொடுக்கட்டும்."

"எல்லோரும் பலமாகக் கை தட்டுங்கள்!" என்று கரடி கத்தியது.

யானை அதற்காகக் காத்திருக்கவில்லை. பொன்னாடைகள் நழுவி விழ, ஒரே பாய்ச்சலில் குட்டையில் இறங்கியது. தும்பிக்கையால் குட்டியை வளைத்துத் தூக்கித் தாயின் காலடியில் வைத்தது. குட்டி இருமி இருமிக் கண் திறந்தது. தாய்மான் அதை நக்கிக்கொண்டே அழுதது.

யானை மெதுவாகக் கேட்டது: "எனக்கு ஒன்றுமே புரியவில்லை தங்கச்சி. நான் இப்போது உதவி செய்தேனா, பரிசு கொடுத்தேனா?"

"என் உயிரையே கொடுத்தீர்கள், அண்ணா" என்றது மான்.

அவர்களுக்குப் பின்னால் கரடியும் நரியும், பரிசை எந்தச் சங்கத்தின் பெயரில் கொடுத்ததாகச் சொல்வது என்று சண்டை போட ஆரம்பித்திருந்தார்கள். தாய்மான் குட்டியை அழைத்துக்கொண்டு, நன்றியுரைக்கு நிற்காமல் நடந்தது.

நீதி: உதவ ஓடி வருபவருக்கு முதலில் வழி விடுங்கள், மரியாதை பிறகு செய்யலாம்.