கட்டி வைத்த கூடை

"ஒரே வார்த்தைக்கு இத்தனை அர்த்தம் இருந்தா நான் எப்படி சிஸ்டர் பிழைக்கிறது?" என்று கேட்டாள் இசக்கியம்மாள்.

அவள் குடும்பத்தில் முதல் பட்டதாரி. ஆஸ்பத்திரி வார்டில், நோயாளிகளின் வீட்டாருக்குத் தகவல் சொல்லும் வேலை. சேர்ந்து ஒன்பது நாள்தான் ஆகிறது. வேலை முடிந்ததும் வார்டின் மூத்த நர்ஸ் ரெஜினா சிஸ்டரிடம் ஆங்கிலம் படிக்கிறாள்.

சிஸ்டர் கட்டுத்துணி மடித்துக்கொண்டிருந்தார்.

"என்ன ஆச்சு?"

"ஆறாம் பெட் தாத்தா கேஸ் ஷீட்டுல டிஸ்சார்ஜ்னு இருந்துச்சு. நாளைக்கு வீட்டுக்குப் போகலாம்னு அவர் வீட்டம்மாகிட்ட காலையில சொல்லிட்டேன். கால் புண்ணுல சீழ் வடியுதுன்னு எழுதியிருக்காங்களாம். அதுக்கும் அதே வார்த்தையாம். இப்பத்தான் நர்ஸக்கா சொன்னாங்க."

"படிக்கும்போது சந்தேகம் வரலையா?"

"வந்துச்சு."

"யார்கிட்ட கேட்ட?"

இசக்கி தலையைக் குனிந்துகொண்டாள்.

"டிகிரி முடிச்சவளுக்கு இதுகூடத் தெரியலையான்னு டாக்டர் நினைச்சிட்டா?"

சிஸ்டர் அடுத்த துணியை எடுத்தார்.

"இந்த மாதிரி வார்த்தை எல்லாத்தையும் ஒரு நோட்டுல எழுதிக் குடுங்க சிஸ்டர். ஒரே வாரத்துல மனப்பாடம் பண்ணிடுறேன்."

"தாரேன். முதல்ல ஆறாம் பெட்டுக்குப் போ. அந்தம்மா கூடை கட்டி வெச்சிருக்கு. அதைப் பிரிச்சு வெச்சிட்டு வா."

தாத்தாவின் மனைவி கோமதியம்மாள் தூக்குவாளி, போர்வை, சீப்பு எல்லாவற்றையும் கூடையில் அடுக்கி, துண்டால் இறுக்கிக் கட்டியிருந்தாள். வேனுக்கும் சொல்லியாகிவிட்டது.

இசக்கி முடிச்சில் கை வைத்தாள். அவிழவில்லை.

"என்ன தாயி செய்யுத?"

"நாளைக்குப் போக முடியாதும்மா. நான்தான் தப்பாப் படிச்சுச் சொல்லிட்டேன். தாத்தா கால்ல சீழ் இருக்கு. டாக்டர் எழுதினது அதைத்தான்."

படுத்திருந்த தாத்தா சிரித்தார். "விடு பிள்ள. வீட்டுக்குப் போனா இவ கஞ்சி. இங்க இட்லியாவது கிடைக்கி."

கோமதியம்மாள் சிரிக்கவில்லை. திட்டவும் இல்லை. கூடையைத் தன் பக்கம் இழுத்து, பல்லால் முடிச்சைத் தளர்த்தினாள்.

"மத்தியானமே பாத்தேன். கட்டு நனைஞ்சிருந்துச்சு. நாத்தமும் அடிச்சுது."

"யார்கிட்டயாவது சொல்லக் கூடாதாம்மா?"

"படிச்ச பிள்ள போகலாங்குது. நமக்கு என்ன தெரியும்னு இருந்துட்டேன்."

இசக்கி போர்வையை எடுத்து உதறி, தாத்தாவின் மேல் போர்த்தினாள்.

நோட்டு வாங்க அவள் திரும்பிப் போகவில்லை. கேஸ் ஷீட்டை எடுத்துக்கொண்டு டாக்டர் அறைக் கதவைத் தட்டினாள். உள்ளே நாலு பேர் இருந்தார்கள்.

"சார், இதுல இன்னும் ரெண்டு வார்த்தை எனக்குப் புரியலை."